பின் ரூமுக்குக் கொஞ்சம் சத்தம்

மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு விளக்குமாறுகூட வாங்கிப் பழகாத மனுஷன் அருணகிரி. சர்க்கரை ஆலையின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். ரிடையர் ஆகித் திருச்சியில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை, தேங்காய்க்குக்கூட மூன்று கடை ஏறி இறங்குவார், மனைவி தையல்நாயகி தலையில் அடித்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்டவர் இன்றைக்குக் காலையில் ஒரே கடைக்குப் போய், ஒரே ஆளிடம், பேரம்கூடப் பேசாமல் ஒரு கறுப்பு ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சொம்பு அளவுக்குத்தான் இருக்கிறது. இதுவா தம்பி கோதண்டம் ஆகப்போகிறது? ஆகித்தான் தீர வேண்டும், வேறு வழி? நாலு மணிக் காப்பியைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற நேரத்துக்கு இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து தையல் கூப்பிடுவாள், கம்ப்யூட்டரில் அவள் முகம் வரும், அதற்குள் பின் ரூமில் ரேடியோ பாடுகிற மாதிரி சத்தம் கேட்டாக வேண்டும். பின் ரூமில் கோதண்டம் இருக்கிறான் என்று அவள் நம்ப வேண்டும். கோதண்டம் இல்லை. கோபித்துக்கொண்டு லால்குடிக்குப் போய் வாரக்கணக்கில் ஆகிறது. குளிக்கிறான், கடைக்குப் போயிருக்கான், இப்பத்தான் படுத்தான் என்று தினம் ஒன்றாகச் சொல்லி ஓட்டியாகிவிட்டது, ஒரு மனுஷன் எத்தனை முறைதான் குளிப்பான். நேற்று அவள் கேட்டேவிட்டாள். “என்னங்க, நித்திலா கேக்குறா, சித்தப்பா ரேடியோ சத்தத்தையே காணோமேன்னு.” மகள் பேரைச் சொல்லித் தானே கேட்கிறாள், இவருக்குத் தெரியாதா அவள் வித்தை. “பேட்டரி தீர்ந்துபோச்சு,” என்றார். “வாங்கிக் குடுங்களேன், பாவம்,” என்றாள். “நாளைக்கே வாங்கிடறேன்,” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

தையல் போனது பிரசவம் பார்க்க. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது போய், பெற்றவளைத் தூக்கி ப்ளேனில் போட்டு மகள் வீட்டுக்கு அனுப்புகிற காலம் வந்துவிட்டது. நீங்களும் வாங்க என்று மாப்பிள்ளை கூப்பிடத்தான் கூப்பிட்டார். அங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது என்று இவர்தான் வீறாப்பு பேசினார். சரி, நானும் போகலை என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். காரணம் அந்த பாத்ரூம். போன ஐப்பசியில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாரே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாரே, அவள் மார்க்கெட்டிலிருந்து வருகிற வரைக்கும் குழாய் சொட்டுகிற சத்தம் ஒன்றுதான் துணை. அந்தச் சொட்டு இன்னமும் காதில் இருக்கிறது. தரையின் ஜில்லிப்பு கன்னத்தில் ஏறினதும், இப்படியே போய்விட்டால் யார் கதவை உடைப்பார்கள், உடைக்கிறபோது மேலே துண்டாவது இருக்குமா என்று நினைத்ததும். அதைத் தையலிடம் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அவளே லால்குடிக்குப் போன் போட்டு, “தம்பி, நீங்க வந்து உங்க அண்ணன்கூட இருந்தாத்தான் நான் ப்ளேன் ஏறுவேன்,” என்றாள். அருணகிரிக்குச் சித்தப்பா மகன் கோதண்டம். கல்யாணம் காட்சி இல்லாத ஒற்றைக்கட்டை, ஒரு பையும் ஒரு ரேடியோவுமாக வந்து பின் ரூமில் இறங்கினான். அவளும் போனாள். குழந்தையும் பிறந்தது, பெண் குழந்தை, மூக்கு அப்படியே தையல் மூக்கு. மூன்று மாசத்தில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் நித்திலாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. குழந்தை வீறிட்டு அழுதாலும் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாளாம். பிள்ளை பெற்ற சிலருக்கு மனசு இப்படிச் சோர்ந்துபோகும், நாளாகும், தனியாக விடாதீர்கள் என்று அங்கே டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அப்புறம் எப்படித் தையலை வா என்பது? வாயைத் திறக்கக் கூடாது. அவருக்கு நெஞ்சு முழுக்க வா வா என்றுதான் இருக்கிறது, வாயைத் திறந்தால் அதுதான் வரும், அதனால் மழை, மின்சாரம், கீரை விலை என்று எதையாவது பேசுவார்.

கோதண்டம் போனானே, எதற்காகப் போனான், அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா. சத்தத்துக்காகப் போனான். காலையில் கண் விழித்த கணம் தொட்டு ராத்திரி குறட்டை விடுகிற வரைக்கும் அந்த ரேடியோ கத்தும். பழைய சினிமாப் பாட்டு, அதோடு கூடவே இவன் பாட்டு, நடுவில் இருமல், விவசாயிகளுக்கு வானிலை. வயலா இருக்கிறது இவனுக்கு, வானிலை எதற்கு? ஒருநாள் மத்தியானம் அருணகிரி கண்ணயர்ந்த நேரம் பார்த்து எவனோ நாதஸ்வரம் ஊதினான். எழுந்து போய், “இது வீடா சந்தையா? குறைடா அந்தக் கருமத்தை,” என்று கத்திவிட்டார். கோதண்டம் குறைக்கவில்லை, அணைத்தான். ரேடியோவைப் பையில் வைத்தான், வேட்டியை மடித்து மேலே வைத்தான். “சத்தம்தானேண்ணே உனக்கு ஆகலை. நல்லா நிம்மதியா இரு,” என்றான். போடா போ என்று இவரும் சொன்னார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே உலை வைத்தார். வரவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ரத்தம், ஒரே திமிர். போன் நம்பரை அழுத்திக்கொண்டே வருவார், கடைசி எண்ணில் விரல் நின்றுவிடும். அவன் பண்ணட்டுமே, சின்னவன்தானே. நிம்மதியா இரு என்றானே, இப்போது இருக்கிற நிம்மதியைக் கத்தியால் அறுக்கலாம். ஃபிரிட்ஜ் நின்றால் திடுக்கென்கிறது. காலிங்பெல் அடித்தால் எதிர் வீட்டுக்கு. சோறு மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டு, ஒருநாள் பாதியில் கை கழுவிவிட்டார். அறுபத்தெட்டு வயசுக்கு இப்படியொரு பயம் வருமென்று யார் கண்டது. போக்கிரிப் பயல், ரேடியோவையாவது விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா.

இன்னொரு ரேடியோ வாங்கித் தொலைத்தால் என்ன என்று கேட்கலாம். அவரும் நினைத்தார். ஆனால் நம் ஆள் எதையும் நேர்வழியில் வாங்குகிறவரில்லையே. கம்ப்யூட்டரில் எல்லா ஊர் ஸ்டேஷனும் வருகிறதே, பாட்டு, பேச்சு, வானிலை எல்லாம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறதே, ஹாலில் இருக்கிற அந்தச் சத்தத்தைப் பின் ரூமுக்குக் கடத்தினால் போதாதா, எதற்கு வீட்டுக்குள் இன்னொரு மிஷின்? அப்படி நினைத்துத்தான் நசீர் கடைக்குப் போனார். இந்தக் கம்ப்யூட்டரை விற்றவனே நசீர்தான், நல்ல மனுஷன், என்ன, வாய் கொஞ்சம் நீளம். “ஒயர் இழுத்துறலாமா சார், அதான் சீப்பு,” என்றான். ஒயர் கூடாது. தையலுக்கு ஹால் முழுக்கத் தெரியும், தரையில் புதுசாக ஒயர் ஓடினால் கேட்பாள், அதைவிட, கால் தடுக்கினால்? மறுபடியும் அந்த ஜில்லென்ற தரை. வேண்டாம். “ஒயர் இல்லாம சொல்லுப்பா.” “அப்ப மூணு வழி இருக்கு சார்,” என்றான் நசீர், அருணகிரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மூன்று கடை இல்லாவிட்டால் என்ன, மூன்று வழி. “வைஃபை ஸ்பீக்கர்னா வீடு பூராப் போகும் சார், எத்தனை சுவரு இருந்தாலும் கவலையில்ல. ஆனா மொதல்ல செட் பண்றதுக்கு டச் போன் வேணும்.” அருணகிரி சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினார். “சரி, அதை விடுங்க. எஃப்.எம். டப்பான்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர்ல மாட்டிட்டா, குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரி. வீட்டுல எந்த ரூம்ல ரேடியோ வெச்சாலும் உங்க பாட்டுத்தான்.” ரேடியோ இல்லாமல்தானே இங்கே வந்து நிற்கிறது. “எதிர் வீட்டு ரேடியோலயும் கேக்குமோ?” “யோகம் இருந்தா கேக்கும் சார்,” என்று சிரித்தான். யோகமா அது, தையல் பேசுவதெல்லாம் எதிர் வீட்டில் ஒலிபரப்பானால் மானம் கப்பலேறிவிடும். அது அங்கேயே தள்ளுபடி. “அப்ப ப்ளூடூத்துதான். சின்னதா ஒரு குச்சி தரேன், கம்ப்யூட்டர் பின்னாடி சொருகிடுங்க, ஸ்பீக்கரைப் பின் ரூம்ல வெச்சிடுங்க. ஒரு சுவரு கண்டிப்பாத் தாண்டும், ரெண்டாவது சுவரு நடுவுல என்ன சாமான் இருக்குங்கறதைப் பொறுத்தது. பாட்டு யாருக்கு சார், உங்களுக்கா?” தம்பி வந்திருக்கான், பாட்டுன்னா உசிரு என்று அங்கேயும் ஒரு பொய். “தம்பி ரூமுக்குன்னு தனியா ஸ்பீக்கரா! இந்தக் காலத்துல யாரு சார் இருக்கா இப்படி,” என்றான் நசீர். முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டால் மூடிக்கொண்டார் அருணகிரி. “நான் வந்து போட்டுத் தரட்டா சார், அஞ்சு நிமிஷ வேலை,” என்றபோது மட்டும் பதறிப்போய், வேணாம் வேணாம், என் தம்பிக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார்.

குச்சியைச் சொருகினார். ஸ்பீக்கரில் நீல விளக்கு மினுக்கிற்று. நசீர் சொன்னபடி கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து இங்கே தட்டி அங்கே தட்டி, ஒருவழியாக ஏதோ பெண் குரல் ஆங்கிலத்தில் சேர்ந்தாயிற்று என்றது. பெருமையாக இருந்தது, என்ன இருந்தாலும். பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கரைக் கையில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நடையைத் தாண்டிப் பின் ரூமுக்குள் போனார். வாசற்படி வரைக்கும் பாடியது, உள்ளே போனதும் விக்கியது, கட்டிலருகே போனதும் நின்றேவிட்டது. பீரோ. நடையையும் ரூமையும் மறித்துக்கொண்டு இரும்பு பீரோ நிற்கிறது, தையலின் சீதன பீரோ, அதை மீறி ஒரு காற்றுகூட வராது. நகர்த்தலாமா? தோளைக் கொடுத்துப் பார்த்தார், அது முனகக்கூட இல்லை, இடுப்பில்தான் சுரீரென்றது. விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது விழுந்தால்? தையல் கூப்பிடுவாள், எடுக்க மாட்டார், கோதண்டத்துக்கு போன் போடுவாள், அவன் லால்குடியில் எடுப்பான். இங்கே இவர் பீரோவடியில். சே, என்ன நினைப்பு இது, சாயங்காலம் விளக்கு வைக்கிற வீட்டில். அப்புறம் மூளை வேலை செய்தது, பீரோ நகராவிட்டால் ஸ்பீக்கர் நகரட்டுமே. ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்தார். கணீரென்று பாடிற்று. ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து காதைக் கொடுத்தார். ஹாலில் கம்ப்யூட்டரில் துளி சத்தமில்லை, எல்லாச் சத்தமும் அங்கே, பின் ரூமில், யாரோ ஒருவர் தன்பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. ஆலையில் சரக்கு வந்து இறங்கினால் பிரித்து, தட்டி, எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார். அதே மாதிரி சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், அரைக் கதவு திறந்து பார்த்தார். அரைக் கதவுதான் சரி. ஒன்று மட்டும் குறைந்தது. கோதண்டம் இருந்தால் இருமுவானே? ரேடியோ இருமுமா? நாற்காலியில் இருந்தபடியே கோதண்டம் மாதிரி ஒருமுறை இருமிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. அட, மனுஷா, உன் பிழைப்பு இப்படியா ஆக வேண்டும் என்று உடனே வெட்கமாகிவிட்டது.

காப்பி போட்டார். அடுப்படியில் நின்றால் அந்தச் சத்தம் சுவர் வழியாக வருகிறது, என்ன பாட்டு என்று புரியாமல், வெறும் இழுப்பும் மேளமுமாக. தெரிந்தே ஏமாறுகிறதே மனசு. ஒரு டம்ளர் பாலுக்குப் பதிலாக இரண்டு டம்ளர் ஊற்றியிருந்தார், கை தன்னால் ஊற்றியிருக்கிறது. “டேய், காப்பி,” என்று கூப்பிட வாய் திறந்துவிட்டது, நல்லவேளை குரல் வரவில்லை. பாலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொங்கிற்று. தையல் இருந்தால் பொங்க விடுவாளா. ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், வெளியே சொல்லாவிட்டாலும் உள்ளேயாவது. அவள் கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று அவருக்கு ஆசையாக இருக்கிறது. ஆமாம், ஆசை. நாம் சொன்னால்தான் பாவம், அவளாகக் கண்டுபிடித்தால்? கேமராவில் உற்றுப் பார்த்து, என்னங்க முகம் இப்படி ஒட்டிப்போச்சு, கோதண்டத்தைக் கூப்பிடுங்க என்று ஒரு அதட்டு போட்டால்? தெரிந்துவிட்டால் ஒரு நிமிஷம் அங்கே இருக்க மாட்டாள், அடுத்த ப்ளேன் பிடித்து வந்துவிடுவாள், திட்டிக்கொண்டே செருப்பை விடுவாள், திட்டிக்கொண்டே அடுப்படிக்குள் போவாள். அப்புறம் நித்திலா? சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருவதா? மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது? ஏதாவது ஒன்று கிடக்க ஒன்று ஆனால்? பெற்றவன்தானா நீ? ஸ்பீக்கர் வாங்கினவனும் அவரே, மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று ஏங்குகிறவனும் அவரே. இதில் எந்தக் கொட்டேஷனை ஏற்பது என்று எந்த ஆலையிலும் சொல்லித் தரவில்லை. காப்பி ஆடை கட்டிவிட்டது, அப்படியே குடித்தார்.

டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது, தையல் கூப்பிடுகிற மணி, கம்ப்யூட்டரின் மணி. ஆனால் அது ஹாலில் அடிக்கவில்லை. பின் ரூமில் அடித்தது, பாட்டுக்கு நடுவில். அருணகிரிக்கு ஒன்றும் ஓடவில்லை, ஈரக் கையோடு ஹாலுக்கு ஓடினார், திரையில் தையல் பேர் மின்னிக்கொண்டிருந்தது, எலியைப் பிடித்துத் தட்டினார். அவள் முகம் வந்தது, பழைய பச்சை ஸ்வெட்டர், அவிழ்ந்த கொண்டை. உதடு அசைந்தது. சத்தமில்லை. அதே கணம் பின் ரூமிலிருந்து, வீட்டுக்குள்ளிருந்து, அரைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல் கூப்பிட்டாள். “என்னங்க.” அவருக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. வந்துவிட்டாளா? எப்போது வந்தாள்? “என்னங்க, கேக்குதா?” என்றாள் பின் ரூம் தையல், பாட்டுக்காரன் அவளையும் மீறிப் பாடினான். அப்போதுதான் விளங்கிற்று அந்தப் புத்திசாலிக்கு. பாட்டை மட்டுமா அனுப்பினார்? கம்ப்யூட்டரின் சத்தம் மொத்தத்தையும் அல்லவா பின் ரூமுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரின் சத்தம் என்றால் அதில் தையலும் சேர்த்திதானே. எடை போட்டார், தட்டிப் பார்த்தார், எஃப்.எம். டப்பாவுக்கு யோசித்ததை இதற்கு யோசிக்கவில்லை, அவள் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை. நசீர் வந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான், அவனைத்தான் வர விடவில்லையே. “என் குரலே எனக்குத் திரும்பி வருதுங்க,” என்றாள் அவள் உள்ளேயிருந்து. “எங்கேயோ தள்ளி, உள் ரூம்லேர்ந்து வர்ற மாதிரி.” அருணகிரி பாட்டை நிறுத்தினார். மேளம் நின்றது, இழுப்பு நின்றது. வீடு கப்பென்று அடங்கிற்று. இப்போது அவள் எதைச் சொன்னாலும் அது காலி ரூமில் விழுந்து, காலி நடையில் நடந்து, காலி ஹாலுக்கு வந்து, மைக்கில் ஏறி அவளுக்கே போகும். நாலு சுவருக்குள் ஒரு ஆள் இருந்தால் இப்படியா கேட்கும்? கேட்டுக்கொண்டிருக்கிறாள். திரையில் அவள் கண் இவரைப் பார்க்கவில்லை, இவருக்குப் பின்னால் அந்த அரைக் கதவைப் பார்க்கிறது.

எழுந்து போனார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது, குரல் வருகிற பக்கம் கால் போயிற்று. பின் ரூமில் மெத்தையைச் சுருட்டி வைத்த கட்டில், ஆணியில் வெறும் ஹேங்கர், ஜன்னல் கட்டையில் அந்தச் சொம்பு ஸ்பீக்கர். “எங்க போறீங்க? காலி நாற்காலிதான் தெரியுது,” என்றது அது, என்றாள் அவள். இவ்வளவு கிட்டத்தில் அவள் பேசிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது, ஸ்வெட்டர் உரசுவது கேட்கிறது. கட்டில் பலகைமேல் உட்கார்ந்தார். இதற்குமேல் முடியாது, இவ்வளவுதான் என் சக்தி, மகளும் ஆச்சு பேத்தியும் ஆச்சு, நீ வந்துவிடு தாயே. “தையல்,” என்று கத்தினார், ஹாலில் இருக்கிற மைக்குக்குக் கேட்க வேண்டுமே. “இருக்கேன், சொல்லுங்க.” “தையல், கோதண்டம் வந்து—”

“சொல்லாதீங்க.”

அவர் ஜன்னல் கட்டைப் பக்கம் திரும்பினார்.

“தயவு பண்ணிச் சொல்லாதீங்க,” என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு. “எனக்குத் தெரியும். தம்பி லால்குடியில போய் இறங்கினதுமே எனக்கு போன் பண்ணிட்டார். அண்ணி, கோவத்துல வந்துட்டேன், திரும்பிப் போக ரோஷமா இருக்கு, நீங்க வந்துடுங்கன்னு அழுதார். நான் வரலை. பார்த்துக்கிட்டீங்களா, தெரிஞ்சும் நான் வரலை. நித்திலா தினம் என்னைக் கேக்குறா, அப்பாவுக்குத் துணைக்கு ஆள் இருக்கான்னு. வேற ஒரு பேச்சுமில்ல, அது ஒண்ணுதான் கேக்குறா. நீங்க இருக்கான்னு சொல்றதை நான் அப்படியே இவகிட்ட சொல்றேன். அது நீங்க சொன்னதுதானே, என் பொய் இல்லையே. நீங்க உங்க வாயால இல்லைன்னுட்டா அப்புறம் நான்ல பொய் சொல்லணும்? எனக்கு வராதுங்க அது, முகத்துல எழுதி ஒட்டிடும். அடுத்த நிமிஷமே என்னை ப்ளேன்ல ஏத்தி விட்டுடுவா. விட்டுட்டு, இந்தப் பச்சைப்புள்ளையை வெச்சுக்கிட்டு இவ... நேத்து ரேடியோன்னு நான் கேட்டது நிஜமாவே இவ கேட்டதுதான். உஷாரா இருங்கன்னு சொல்லத்தான் சொன்னேன். நீங்க இவ்வளவு பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.”

தெரிந்தால் வந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தார் அருணகிரி, இத்தனை நாளும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தார். தெரிந்துதான் இருந்திருக்கிறாள். அவர் குளிக்கிறான் என்று சொன்னபோதெல்லாம் தெரிந்துகொண்டேதான் ஓஹோ என்றிருக்கிறாள், கேமராவை அணைத்துவிட்டு என்ன செய்தாளோ. கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது, யார்மேல் கோபப்படுவது. அங்கே எங்கோ ஒரு கதவு திறந்தது. குழந்தை சிணுங்கியது, ஸ்பீக்கரில் அது அவர் தோளருகே சிணுங்கியது. “யாரும்மா, அப்பாவா?” என்று ஒரு குரல், தூங்கி எழுந்த குரல், அவர் வாரக்கணக்காகக் கேட்காத குரல். கம்ப்யூட்டர் பக்கமே வராத பெண். தையல் சட்டென்று, சத்தமாக, “ஆமாம்மா, அப்பாதான்,” என்றாள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“அப்பா,” என்றாள் நித்திலா.

“என்னம்மா,” என்றார் அருணகிரி கட்டிலிலிருந்து, முடிந்த மட்டும் பெரிதாக.

“எங்கப்பா இருக்கீங்க, தெரியலையே.”

“பின் ரூம்ல, உங்க சித்தப்பாகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்மா.”

அந்தப் பக்கம் குழந்தையின் சிணுங்கல் மட்டும், அதை யாரோ தூக்கித் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம், தையல் தட்டினால் இப்படித் தட்ட மாட்டாள், இது பழகாத கை.

“அம்மா இன்னும் கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டுமாப்பா?”

“இருக்கட்டும்மா,” என்றார். “இங்கதான் நாங்க ரெண்டு பேர் இருக்கோமே.”